எந்தப் பதிவை வைத்துக்கொள்வது?

பேக்கரிக்காரரின் எண்ணுக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், காலையில் இல்லாத ஒரு வரி இருந்தது. ‘சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதார்.’

ஏசி மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வரி அங்கேயேதான் இருந்தது. வெளியே மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தும் அறைக்குள் அதற்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் பிரித்துப் போட்ட கம்ப்ரசர், அதிலிருந்து விடாமல் வரும் எண்ணெய் வாடை. மேஜைக்கு முன்னால் இருந்த சுழல் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. அது மனைவியின் இடம். அவள் போய் இரண்டு மாதமாகியும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டி எட்டித்தான் தட்டுவார்.

வாடிக்கையாளர்களின் எண்கள் நான்கு இடத்தில் இருந்தன. அவர் போன், அவள் போன், இந்தக் கம்ப்யூட்டர், வேனில் மாட்டிய டேப்லெட். ஒன்றில் திருத்தினால் மற்ற மூன்றிலும் தானாகத் திருத்திக்கொள்ளும்படி மகள் செய்துகொடுத்திருந்தாள். ஆரம்பத்தில் இவர் கைவைத்த லட்சணத்தில் பல் டாக்டர் பெயரில் பேக்கரி எண் போய் உட்கார்ந்தது. “டாக்டர் இருக்காரா?” என்று போனில் கேட்ட இவருக்கு “பன்னுதான் இருக்கு” என்று பதில் வந்தது. வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றைக்கே மகள் ஒரு சட்டம் போட்டாள்: இரண்டு போனில் இரண்டு விதமாக இருந்தால் அம்மா போனில் இருப்பதுதான் செல்லும். “நம்ம வீட்டுல என்னைக்குத்தான் வேற மாதிரி இருந்துச்சு?” என்றார் இவர்.

அவளும் அதற்குத் தகுதியானவள்தான். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவள் எழுதி வைத்த குறிப்பு இல்லாமல் அவர் ஒரு வாசல் ஏறியதில்லை. ‘நாய் குரைக்கும், கடிக்காது. ஐயா கடிப்பார்.’ ‘அம்மாவிடம் பேசு, ஐயா தலையாட்டி.’ தொழில் அவர் கையில் இருந்தது என்று ஊர் நினைத்தது. உண்மையில் அது அவள் விரல் நுனியில் இருந்தது.

விபத்தன்று வேனில் அவரும் அவளுமாக இரண்டு பேர் போனார்கள். மழையில் வேன் சறுக்கி லாரிக்கு அடியில் போனது. ஒருவர் திரும்பி வந்தார். அவள் போனைச் சில்லுச் சில்லாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மகள் பழைய சட்டத்தை எடுத்துவிட்டாள். “இனிமே வித்தியாசம் வந்தா அது உங்களையே கேக்கும்ப்பா” என்றாள். ஆனால் சாதனங்களின் வரிசையிலிருந்து அம்மாவின் போனை நீக்கப் போனபோது இவர் குழந்தை மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது அப்படியே இருந்தது.

இப்போது திரையில் அது கேட்டது. ‘இந்தப் பதிவு இரண்டு விதமாக உள்ளது. எதை வைத்துக்கொள்வது?’ இடது பக்கம் அவர் போன். வலது பக்கம் அவள் போன்; அந்தப் புது வரி அதில்தான் இருந்தது.

எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த பழைய குறிப்பாக இருக்கும் என்று நினைத்தார். யாரிடம் எதைச் சொன்னாளோ, யார் அழுதாரோ. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று இரண்டு மாதமாக ஏங்கிக் கிடந்த மனுஷன் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வலது பக்கத்தை அமுக்கினார்.

நாளைக்கு சர்வீஸுக்கு வருவதைச் சொல்ல பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார்.

“ஹலோ, யாருங்க? ஹலோ?”

“நான்தாங்க, ஏசிக்காரன்.”

“ஹலோ? சத்தமே வரலையே. யாருன்னு சொன்னாத்தானே தெரியும்.”

தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மழைக்கு டவர் போயிருக்கும் என்று பல் டாக்டரைக் கூப்பிட்டார். “சொல்லுங்க, நல்லாக் கேக்குது. ஏன் இப்படிக் கத்துறீங்க?” என்று சிரித்தார் டாக்டர். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்ததும் திரையில் அதே கேள்வி, இந்த முறை டாக்டரின் பெயருக்கு. பழக்கத்தில் கை தானாக வலது பக்கம் போய் அமுக்கிவிட்டது. அப்புறம்தான் படித்தார்.

‘இவரிடமும் சொன்னேன். நம்பவே மாட்டேன் என்கிறார். முந்தின நாள்தானே வந்து கேஸ் நிரப்பிக் கொடுத்தார், நல்லா இருந்தாரே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.’

விபத்துக்கு முந்தின நாள் டாக்டரின் கிளினிக்குக்கு கேஸ் நிரப்பப் போனது யார்?

அவர்தான் போனார்.

மறுபடி டாக்டரை அழைத்தார். மணி அடித்தது. எடுத்தார்கள். “ஹலோ? ஹலோ?” அதே டாக்டர், அதே குரல். “டாக்டர், கேக்குதா?” “ஹலோ யாரு? பேசுங்க.” பக்கத்தில் யாரிடமோ டாக்டர் சொன்னது தெளிவாகக் கேட்டது. “பாவம், அந்த ஏசிக்காரரோட நம்பர். வீட்டுல யாராவது தெரியாம அமுக்கியிருப்பாங்க.”

மழைச் சத்தம் கூடியது. மின்விசிறி சுற்றுவது நின்ற மாதிரி இருந்தது, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நாற்காலி லேசாக அசைந்தது. யாராவது எழுந்து போனால் அப்படித்தான் அசையும்.

அவளுக்குப் புரியவில்லையா, அல்லது இவருக்குத்தான் புரியவில்லையா? வேனில் இரண்டு பேர். திரும்பி வந்தது ஒருவர். எங்கேயோ ஓர் இடத்தில் அந்த ஒருவர் அவள். இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, இவர் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பயத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். உயிரோடு இருக்கிறாள்! அது ஒன்று போதும் என்று இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திரை மறுபடி கேட்டது. இந்த முறை மகளின் பெயர். வலது பக்கக் குறிப்பு நீளமாக இருந்தது. ‘சாப்பிடுவதில்லை. அப்பாவின் ஸ்க்ரூடிரைவரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். எனக்கே ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. இவளை நான் எப்படித் தேற்றுவேன்?’

எதை வைத்துக்கொள்வது?

வலது பக்கம் அமுக்கினால் மகளுக்கும் இவர் குரல் கேட்காது. இடது பக்கம் அமுக்கினால் அந்த நாற்காலியில் இருப்பவள் மகளையும் இழப்பாள். ஒரு தடவை அவளைப் பறிகொடுத்தது போதாதா, இந்தக் கையாலேயே இன்னொரு தடவையா? விரல் இடதுக்கும் போகவில்லை. வலதுக்கும் போகவில்லை.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா, என் போன்லயும் கேட்டுக்கிட்டே இருக்குப்பா, எதை வைக்கணும்னு. நீங்க ஒவ்வொண்ணா அம்மாவோடதைத்தானே அமுக்குறீங்க? அந்தப் பழைய சட்டத்தையே போட்டுரட்டா?”

“வேண்டாம்மா! தொடாதே!”

“இதுக்குப் போய் ஏன்ப்பா கஷ்டப்படறீங்க? இருங்க.” போனைத் தட்டும் சத்தம் கேட்டது. “போட்டுட்டேன். இனிமே இந்த வீட்டுல அம்மா பேச்சுதான். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அப்பாவைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தாள். பாவி மகள், பாசத்தில் செய்தாள்.

திரையில் பெயர்கள் ஓடின. வக்கீல். மருந்துக்கடை. மாடி வீட்டுக்காரர். எல்லாம் வலது பக்கம். எல்லாம் அவள் சொன்னபடி. கடைசியாக இவருடைய பெயர் வந்தது.

அழிந்தது.

அவர் உள்ளறைக்கு ஓடினார். கட்டிலில் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை இளைத்துவிட்டாள்! கன்னம் ஒட்டிக் கிடந்தது.

“அம்மாடி.”

அவள் நிமிர்ந்தாள். பார்வை இவரைத் தாண்டி வாசல் பக்கம் போனது. “அம்மா, நீ ஏன் எழுந்து வர்றே? கால் வலிக்கும்ல?”

பின்னால் ஊன்றுகோல் தட்டும் சத்தம்.

அவள்தான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. ஒரு கால் இழுத்தது. இரண்டு மாதத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது. ஆனால் அவள். மூச்சு விடுகிற, மருந்து வாடை அடிக்கிற அவள். “நான் இங்கதான் இருக்கேன்” என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையை ஊடுருவியே நடந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தன் போனை எடுத்து மகளின் எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினார். கட்டிலில் போன் அதிர்ந்தது.

“மறுபடியும் யாரோ தெரியாத நம்பர்ம்மா.”

“எடுக்காதே. நான் ஒருதரம் எடுத்தேன். மழை பெய்யற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.”

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவர் மறுபடி அழைத்தார். மறுபடி. மறுபடி.

“அம்மா, தரையெல்லாம் தண்ணி.”

“ஏசி ஒழுகுதோ என்னவோ. யாரையாவது கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொல்லணும்.” சொல்லி முடிப்பதற்குள் மனைவிக்கு வாய் கோணியது. முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். “அவர் இருந்தா யாரைக் கூப்பிடப் போறோம்!”

அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் அவர் கால்சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர். அதில் டீசல் வாடை. கொஞ்சம் சிவப்பும் இருந்தது.

மகள் ஒரு துணியை எடுத்துவந்து அவர் காலடியில் மண்டியிட்டாள். குனிந்த தலையின் வகிடு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் துடைத்தாள், பிழிந்தாள், துடைத்தாள். அவர் அசையாமல் நின்றார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.