'இஸ்' பெரிசா, சின்னதா?

ஐந்தாம் வகுப்பில் அன்று காது கிழியும் கூச்சல். டீச்சரால் அதட்டவும் முடியவில்லை. இரண்டு நாளாக அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரும்பலகையில் 'அமைதி!' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். யாரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சண்டை ஒரு புத்தகத்தின் அட்டையைப் பற்றியது.

வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதி, படம் வரைந்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தது. கதையின் பெயர் 'மை கேட் இஸ் ஆன் தி ரூஃப்'. மூன்று மணிக்கு ஊர் நூலகர் வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். நூலகத்துச் சிறுவர் அலமாரியில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம்.

பயமே அதுதான். போன வருடம் கொடுத்த புத்தகத்தின் பெயரிலேயே தப்பு. யாரோ அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் நாக்கை நீட்டும் மூஞ்சி ஒன்றையும் வரைந்துவிட்டார்கள்.

இந்த முறை பெயரைத் தங்க நிறத் தாளில் வெட்டி ஒட்டப்போகிறார்கள். கையில் இருப்பதோ ஒரே ஒரு தாள். எந்தச் சொல்லைக் கேப்பிடல் எழுத்தில் தொடங்குவது, எதை ஸ்மால் எழுத்தில் விடுவது என்று கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

"எல்லாத்தையும் கேப்பிடல்ல ஆரம்பிச்சிட்டா தொல்லையே இல்ல!" என்று ஜன்னல் பக்கம் கத்தியது.

"முதல் சொல்லு மட்டும் போதும்!" என்று கதவுப் பக்கம் கத்தியது.

புரொபசர் எழுந்து நின்றான். வயது பத்துதான். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசுவதால் வந்த பட்டப்பெயர் அது.

"ரொம்ப சிம்பிள். முதல் சொல்லு எப்பவும் கேப்பிடல். மத்ததுல, ரெண்டெழுத்துச் சொல்லுன்னா ஸ்மால். மூணெழுத்தும் அதுக்கு மேலயும்னா கேப்பிடல். முடிஞ்சுது."

"யாரு சொன்னா?" என்றாள் பட்டாணி. முதல் பெஞ்சில் உட்காரும் உருண்டை முகக்காரி அவள்.

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா சட்டமா?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். 'போய்க் கண்டுபிடி' என்று எழுதி, பட்டாணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பட்டாணி ஒரே ஓட்டமாகப் பள்ளியின் புத்தக அறைக்குப் போனாள்.

ஆங்கிலப் புத்தகம் ஒன்றை உருவினாள். அட்டையில் எல்லா எழுத்துமே கேப்பிடல். இன்னொன்றை உருவினாள். அதிலும் அப்படியே. ஏழாவது புத்தகமும் அதே கதைதான்.

"இப்படிக் கத்திக் கத்தி எழுதினா நான் எதைத்தான் கண்டுபிடிக்கிறது?" என்று புத்தகங்களையே கடிந்துகொண்டாள்.

கோபத்தில் ஒன்றைப் புரட்டியபோது பொருளடக்கம் கண்ணில் பட்டது. இருபது கதைகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. அங்கே கேப்பிடலும் ஸ்மாலும் கலந்து இருந்தன!

ரஃப் நோட்டைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினாள். ஒரு துண்டில் ஒரு சொல். கேப்பிடலில் தொடங்குபவை இடது பக்கம், மற்றவை வலது பக்கம். நான்கு புத்தகங்களின் பொருளடக்கம் முடிவதற்குள் மேசையே தெரியவில்லை.

வலது பக்கம் 'தி', 'அண்ட்', 'ஆஃப்', 'இன்', 'ஆன்' எல்லாம் கும்பலாகக் கிடந்தன. 'தி'க்கு மூன்று எழுத்து இருந்தும், பெயரின் நடுவில் வந்தபோதெல்லாம் ஸ்மால்தான். முதல் சொல்லாக வந்தால் மட்டும் கேப்பிடல். 'ஆன்' ஒரே ஓர் இடத்தில் கேப்பிடலாக இருந்தது. அங்கே அது கடைசிச் சொல்.

"ஓஹோ, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் தனி மரியாதையா?"

சரி, 'இஸ்'? ஒவ்வொரு தடவையும் அது இடது பக்கமே போய் உட்கார்ந்தது. இத்தனைக்கும் இரண்டே எழுத்து! பட்டாணி அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தாள். 'ரன்ஸ்', 'சிங்ஸ்', 'ஜம்ப்ஸ்'.

"அட! எல்லாமே வினைச்சொல்லு! 'இஸ்'ஸும் இந்தக் கூட்டம்தான்!"

துண்டுகளை அள்ளிப் பாவாடையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். கதவருகிலேயே நின்றுவிட்டாள். புரொபசரின் மேசை மேல் தங்க எழுத்துகள் வரிசையாகக் கிடந்தன.

"வெட்டிட்டியா?"

"நேரமாச்சேன்னு..." என்றான் அவன். 'இஸ்' ஸ்மாலில் இருந்தது. 'தி' கேப்பிடலில் இருந்தது.

பட்டாணி துண்டுகளைக் கொட்டிக் காட்டினாள். வகுப்பு குனிந்து பார்த்தது. பிறகு எல்லாத் தலைகளும் புரொபசர் பக்கம் திரும்பின.

"எல்லாம் உன்னாலதான்!"

"பெரிய அறிவாளி!"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மணி இரண்டரை. தாளில் மிச்சம் இருந்தது நூல் போன்ற ஓரங்கள் மட்டுமே.

"அவனைத் திட்டினா தாள் முளைக்குமா? எவ்ளோ நேரா வெட்டியிருக்கான் பாருங்க. நம்மள்ல யாருக்கு இப்படி வரும்?" என்றாள் பட்டாணி.

சொல்லிக்கொண்டே 'தி'யின் கேப்பிடல் 'டி'யைக் கையில் எடுத்தாள். ஒரு நேர்க்கம்பு. அதன் தலையில் ஒரு குறுக்குக் கம்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புரொபசர், இதோட தலையைக் கொஞ்சம் கீழ இறக்கினா ஸ்மால் 'டி' ஆயிடாது?"

அவன் கண்ணாடியை அவசரமாக மாட்டினான். "ஆயிடும்! ஆனா குறுக்குக் கம்பு நீளம் ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டணும்."

"வெட்டுற துண்டு?"

இருவரும் ஒரே நேரத்தில் 'இஸ்'ஸின் குட்டி 'ஐ'யைப் பார்த்தார்கள்.

"புள்ளியை எடுத்துட்டு அந்த ரெண்டு துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா தலைல அடுக்கி உயரமாக்கினா..."

"கேப்பிடல் 'ஐ'!"

வகுப்பு மேசையைச் சுற்றி நெருங்கி வந்தது. புரொபசர் அளவுகோலை வைத்து அளந்தான். கத்தரிக்கோல் நறுக் நறுக்கென்று நகர்ந்தது. பட்டாணி பசை தடவி, துண்டோடு துண்டை நெருக்கி ஒட்டினாள். இடையில் எறும்பு நுழையக்கூட இடமில்லை.

எழுத்துகள் அட்டையில் ஏறின. மை, கேட், இஸ், ரூஃப் நான்கும் கேப்பிடலில் நிமிர்ந்து நின்றன. 'ஆன்', 'தி' இரண்டும் நடுவில் சமர்த்தாக ஸ்மாலில் அமர்ந்தன. ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் சேர்ந்து போட்ட சத்தத்தில் டீச்சர் தன் தொண்டையை மறந்து "சபாஷ்!" என்று கத்தப் பார்த்தார். "ஸ்ஸ்" என்று காற்றுதான் வந்தது.

மீந்த தங்கப் புள்ளியை வீணாக்க மனமில்லாமல், பட்டாணி அதை அட்டையில் கண் வைக்காமல் வரைந்திருந்த பூனையின் முகத்தில் ஒட்டினாள்.

சரியாக மூன்று மணிக்கு நூலகர் வந்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அட்டையை எழுத்து எழுத்தாகப் படித்தார். வகுப்பே அந்தப் பேனாவை எட்டி எட்டிப் பார்த்தது.

அவர் பேனாவை மூடினார்.

"இன்னிக்கு ஆறு பள்ளிக்கூடம் போயிட்டு வரேன். பேனாவுக்கு வேலை வைக்காத அட்டை இது ஒண்ணுதான். 'இஸ்'ஸைக்கூட விடாம கவனிச்சிருக்கீங்களே, யாரு வேலை இது?"

"பட்டாணி!" என்றான் புரொபசர்.

"வெட்டினது புரொபசர்!" என்றாள் பட்டாணி.

நூலகர் சிரித்தபடி அட்டையை இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "அதெல்லாம் சரி, பூனைக்கு ஒரு கண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

எல்லாத் தலைகளும் பட்டாணி பக்கம் திரும்பின. அவள் அசரவில்லை.

"அது உங்களைப் பாத்துக் கண்ணடிக்குது, மிஸ்!"