டோரீன் கத்த மறுத்த நாள்

தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய மாளிகையின் வாசலில் கார் வந்து நின்றபோது மத்தியானம் இரண்டு மணி. நவம்பர் மாதம். ஆற்றிலிருந்து எழுந்த பனி புல்வெளியைக் கடந்து வாசற்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

டோரீன் கார்பெட் உடனே இறங்கவில்லை. படப்பிடிப்பு எந்த வீட்டில் என்று தெரிந்ததுமே அவளுடைய ஏஜென்ட் போன் செய்திருந்தார். "வேண்டாம்னா சொல்லிடுங்க டோரீன், நான் பேசிக்கறேன்."

"வர்றேன்னு சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் இதே வாசலில் இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஹல் துறைமுகத்தில் மீன் கூடை சுமப்பவரின் மகள். இயக்குநர் ரூபர்ட் ஆஸ்லி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேச்சுல மீன் நாத்தம் அடிக்குதே," என்றார். பெயரை வெனிஷியா லேன் என்று மாற்றினார். வசனத்துக்கு வேறொருத்தியின் குரலைப் போட்டார். அந்தப் படத்தில் அவளுடையதாக இருந்தது ஒரே ஓர் அலறல்தான்.

அந்த அலறல்தான் அவள் பிழைப்பாயிற்று. அடுத்த பத்து வருடம், ஏழு பேய்ப் படங்கள். எல்லாவற்றிலும் வெள்ளை கவுன், எல்லாவற்றிலும் அலறல். முப்பது வயதில் கூப்பிடுவார் யாருமில்லை. பிறகு தொலைக்காட்சிக்குப் போனாள். சொந்தப் பெயரில், சொந்தப் பேச்சில். ஒரு தொடரில் பதினொரு வருடம் சலவைக்கடைக்காரியாக நடித்தாள். கடைசியில் அந்தப் பாத்திரத்தை மாரடைப்பில் சாகடிக்கப் பார்த்தார்கள். "அவ சாக மாட்டா. பஸ் ஏறிப் போவா," என்று எழுத்தாளர்களிடம் சண்டை போட்டு, அப்படியே பஸ் ஏறிப் போனாள்.

இன்றைக்கு அவளுக்கு ஒரு விதவையின் வேடம். நிலவறைக்குள் விளக்கோடு இறங்கி, "இந்த வீடு என்னோடது," என்று சொல்லவேண்டும். பிறகு எதையோ பார்த்து அலறவேண்டும்.

"இடம் ரொம்பக் குறுகல். கேமரா படி மேலயே இருக்கட்டும். கீழ நீங்க மட்டும்தான். பரவாயில்லையா?" என்றான் இயக்குநர் டங்கன். முப்பது வயதுகூட இருக்காது.

"எனக்கென்ன, கண்ணு."

ஒலிப்பதிவாளர் நெரிஸ் அவள் சட்டைக்குள் சின்ன மைக்கைப் பொருத்தினாள். "கை ஐஸா இருக்கு உங்களுக்கு."

"உள்ள போனா இன்னும் குளிரும்."

படிகள் பதினான்கு. டோரீன் எண்ணாமலே இறங்கினாள். ஈரச் சுண்ணாம்பின் வாடை. அதற்கடியில் இன்னொன்று.

வயலட் பூ மணக்கும் தலை எண்ணெய்.

அது ஆஸ்லி பூசுவது. அவர் செத்து இருபது வருடமாகிறது. இதே படிகளில் விழுந்துதான் செத்தார்.

"ஆக்‌ஷன்!"

விளக்கு அணைந்தது.

"கத்து."

காதோரத்தில், அவ்வளவு அருகில்.

மேலிருந்து நெரிஸின் குரல் கேட்டது. "யாரு அது? யாரு 'கத்து'ன்னு சொன்னது?"

"யாரும் பேசலையே," என்றான் டங்கன்.

படியடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

அந்த முதல் படத்தின்போதும் இதே நிலவறையில் இப்படித்தான். 'ஒரே நிமிஷம்' என்று சொல்லி அவளை உள்ளே தள்ளிப் பூட்டினார் ஆஸ்லி. சுவரில் ஓட்டை போட்டு கேமராவை வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் இருட்டு, காலடியில் எலிகள். அவள் உடைந்து அலறியபோது வெளியே கைதட்டினார்கள்.

"இன்னொரு தடவை, வெனிஷியா."

பிடரியில் ஐந்து விரல்கள் பதிந்தன. நனைந்த கல்லைப் போன்ற விரல்கள்.

அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய அலறல் ஏறி வந்தது. பற்களைக் கடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, மீன் கூடைக்காரர் மகளின் பேச்சில் பேசினாள்.

"யோவ் ரூபர்ட்டு. என் பேரு டோரீன். வெனிஷியான்னு ஒருத்தி பொறக்கவே இல்ல. செத்து இருபது வருஷமாகியும் ஒரு பொம்பளையக் கத்த வச்சாத்தான் உனக்கு ஆகுமாய்யா?"

விரல்கள் இறுகின.

"நெரிச்சுக்கோ. அறுபத்து நாலு வயசாச்சு, பாக்காததையெல்லாம் பாத்தாச்சு. ஆனா உனக்காக இனி ஒரு சத்தம் இந்தத் தொண்டையில இருந்து வராது. கைய எடு. வாய மூடிட்டு ஓரமா நில்லு. நான் நடிக்கணும்."



விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. எண்ணெய் மணம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

இருட்டில் நிமிர்ந்து நின்று, தணிந்த குரலில் அவள் தன் வசனத்தைச் சொன்னாள். "இந்த வீடு என்னோடது."

கதவு திறந்துகொண்டது. டங்கன் தடதடவென்று இறங்கி வந்தான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? விளக்கு... நீங்க கத்தவே இல்லையே?"

"கத்த மாட்டேன். வீடு அவளோடது. அவ எதுக்குக் கத்தணும்?"

"ஆனா ஸ்கிரிப்ட்ல..."

"மாத்திக்கோ."

படி மேலே நெரிஸ் ஹெட்போனைக் கழற்றி இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மாத்திடுங்க, டங்கன்," என்றாள்.

மாற்றினார்கள்.

பிப்ரவரியில் லண்டனில் குரல் சேர்ப்பு நடந்தது. சத்தம் புகாத சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் டோரீன் மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நெரிஸ். அவள் ஒலிமானியைப் பார்த்துவிட்டு, டோரீனின் உதடுகளைப் பார்த்தாள். அவை மூடியிருந்தன.

முள் ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.

"டோரீன்..." நெரிஸ் தன் பக்கத்து மைக்கில் கிசுகிசுத்தாள். "உங்க பக்கத்துல யாரோ மூச்சு விடறாங்க."

"தெரியும். அன்னிலேர்ந்து எங்க போனாலும் கூடவே வர்றாரு."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"அவருக்கு வேற எங்க போறதுன்னு தெரியல, பாவம். கேக்கட்டும். பேசறதுக்குத்தான் அனுமதி இல்ல."

டோரீன் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினாள்.

முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, அசையாமல் நின்றது.

"இப்ப எடு, கண்ணு," என்றாள்.