சொத்தை விழாத பல்

டாக்டர் ஜெபராஜ் நறுமுகையின் வாய்க்குள் விளக்கைக் காட்டினார். நான்கு வயதுப் பிள்ளை. போன மாதம் பார்த்த இரண்டு சொத்தைகளைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை. தாய் செண்பகவல்லிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இருக்காதா பின்னே? கோவில்பட்டியில் வேறெந்தப் பிள்ளைக்கும் பல் சொத்தையாகி முப்பது வருஷமாகிறது. பிறந்ததும் நாக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். அதிலுள்ள ‘சர்க்கரைத்தின்னி’ என்ற நுண்ணுயிர் வாயிலே குடியேறி, பல்லை அரிக்குமுன் சர்க்கரையைத் தின்றுவிடும். அந்தச் சொட்டு கூடாதென்று டாக்டர்கள் தடுத்தது ஊரில் நறுமுகை ஒருத்திக்குத்தான். அவள் பல்லைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது.

டாக்டர் சிரிக்கவில்லை. "சோளமாவு ஒழுங்காக் குடுக்கீங்களாம்மா?"

"மூணு மணி நேரத்துக்கொருக்கா தப்பாம குடுக்கேன். இப்ப ரெண்டு மணி நேரத்துலயே பசிக்குங்கா."

"அப்ப பல்லு அரிச்சிருக்கணுமே. ஏன் அரிக்கல?"

செண்பகவல்லியின் சிரிப்பு நின்றது. நறுமுகையின் கோளாறு பரம்பரையாக வந்தது. அவள் கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பித் தராது. பச்சைச் சோளமாவு மெல்லச் செரித்துத் தருவதுதான் அவளுக்கு உயிர். சர்க்கரைத்தின்னியோ வயிறுவரை இறங்கிப் பங்கு கேட்கும். மற்றப் பிள்ளைகளுக்குக் கல்லீரல் ஈடுகட்டிவிடும். இவளுக்கு யார் ஈடுகட்டுவது?

அந்நேரம் பிள்ளையின் கையில் ஒட்டியிருந்த ரத்தச் சர்க்கரைமானி அலறியது. நறுமுகை நாற்காலியிலேயே துவண்டாள். செண்பகவல்லி பதறி, வழக்கம்போல் குளுக்கோஸ் பசையை எடுத்துக் கன்னத்தின் உள்ளே தடவினாள். எப்போதும் இரண்டு நிமிஷத்தில் எண் ஏறும். ஏறவில்லை. இன்னும் தடவினாள். எண் இறங்கியது.

"வாயில வைக்காதீங்கம்மா. எல்லாம் அந்தச் சர்க்கரைத்தின்னிக்குத்தான் தீனி" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, டாக்டர் நரம்பு தேடி குளுக்கோஸ் ஊசியை ஏற்றினார்.

எண் மெதுவாக ஏறியது.

"யார் எச்சிலும் படக்கூடாதுன்னு சீட்டுலயே எழுதியிருந்தோமேம்மா."

"பக்கத்து வீட்டு டம்ளரத் தொட விட்டதில்ல டாக்டர். கோயில்ல பிரசாதம்கூட வாங்கல. ஒரு மாசமா மாவு வேண்டாம்னு அடம்பிடிச்சா. அதான் அம்மாக்கு ஒரு வாய், ஒனக்கு ஒரு வாய்னு..." அவள் பார்வை பையிலிருந்த கரண்டிக்குப் போனது. "ஒரே கரண்டிதான். நான் பெத்த தாயி. என் எச்சிலும் எச்சில்ல சேத்தியா?"

டாக்டர் ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். "மருந்து குடுத்து அழிச்சிரலாம். ஆறு மாசமாகும். அதுவரைக்கும் நரம்பு வழியாத்தான் சாப்பாடு. ஆனா அப்புறமும் திரும்ப ஒட்டாமப் பாக்கணும். உங்க வாயி, என் வாயி, யார் வாயில இல்ல அது? இல்லாத வாய் இவளுது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்.

நறுமுகை கண் திறந்தாள். அம்மாவின் முகம் கறுத்திருப்பதைப் பார்த்தாள். பையில் துருத்திக்கொண்டிருந்த கரண்டியை எட்டி எடுத்து, அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"அழாதம்மா. மொதல்ல ஒனக்கு ஒரு வாய்."

செண்பகவல்லி பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் பல்லில் ஒரு சொத்தைகூட இல்லை.