முந்தி அழுத மணி

டாங்!

அடுத்த அடி... பஞ்சுக்குள் விழுந்ததுபோல் முனகியது.

ரேஷன் சர்க்கரையைக் கிள்ளி டீயில் போட்ட ஐவி பிரிஜ் அப்படியே நின்றாள்.

ஞாயிறு மணி இப்படி ஒலிக்காதே! நெதர்கோல்ட் கிராமத்தில் சாவு விழுந்தால்தான் மணிநாக்கின் ஒரு பக்கம் தோல் கட்டுவார்கள். ஓர் அடி முழங்கும். அடுத்தது அழும்.

யார் செத்தது?

சர்ச் பக்கமிருந்து ஓர் அலறல்!

ஐவி ஓடினாள்.

சர்ச் பின்னறையில் பாதிரியாரின் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். தரையில் சர்ச் நிர்வாகி ஹார்க்னஸ். மண்டை பிளந்து... பக்கத்தில் பித்தளை மெழுகுவத்தித் தண்டு.

சார்ஜென்ட் கிரிம்ஷா வந்தார். யோசிக்கவேயில்லை. ஐவியின் மகனைப் பிடித்தார்.

"ரெக்! நேத்து பப்ல 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு இவர்கிட்ட கத்தினது நீதானே?"

"கிரிக்கெட் மைதானத்துல ஆட்டை மேய விட்டாரு, சார்! கத்தினது நான் இல்ல... பீரு!"

"அந்தக் கதையை ஜட்ஜ்கிட்ட சொல்லு."

விலங்கு விழுந்தது. கொலைக்குத் தண்டனை தூக்கு. ஐவிக்கு இருப்பது இவன் ஒருவன்.

அவள் பாதிரியாரின் மனைவியிடம் திரும்பினாள்.

"பிணத்தை முதல்ல பார்த்தது யாரும்மா?"

"நான்தான்... பார்த்ததும் கத்திட்டேன்."

"நீங்க கத்துறதுக்கு முந்தியே மணி அழுதுச்சே! அதுக்கு சாவு சேதியை யார் சொன்னா?"



மணியடிக்கும் மேபல் முன்னே வந்தாள்.

"கயித்தை இழுத்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. யாருக்குன்னு கேட்டேன். 'அப்புறம் சொல்றேன், அடி'ன்னாரு... மிஸ்டர் டில்லி."

ஆம்ப்ரோஸ் டில்லி. மணிக்குழுத் தலைவர். கோபுரச் சாவி அவரிடம் மட்டும்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"பெரிய மணியை உருக்க வித்துட்டுக் சர்ச்சுக்குக் கூரை போடப்போறேன்னான் ஹார்க்னஸ். முந்நூறு வருஷ மணி! இந்த ஊர்ல பொறந்ததுக்கும் போனதுக்கும் அதுதான் அடிச்சுது. அதைப்போய்க் கூரை ஓடு வாங்க விக்கிறானாம்!"

"சரிய்யா... தோலை எதுக்குக் கட்டித் தொலைச்சே?" சார்ஜென்ட் கத்தினார். "கட்டாம இருந்தா இந்நேரம் இந்தப் பையன்ல உள்ள போயிருப்பான்!"

டில்லி நிமிர்ந்தார். உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

"காலமெல்லாம் என் பக்கத்துல நின்னு மணிக்கயித்தைப் பிடிச்சவன் அவன். மரியாதையில்லாம அனுப்பச் சொல்றியா?"

விலங்கு கை மாறியது. ஐவி மகனின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள்.

வாசலில் டில்லி கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு யாரு தோல் கட்டுவா?"

"தோலுக்குத்தான் ஆள் தேடணும்," என்றார் சார்ஜென்ட். "கயித்துக்கு சர்க்காரே ஆள் வெச்சிருக்கு... வண்டியில ஏறுய்யா!"