மூலைப் பூச்சு

அந்த மூலை மட்டும் காயவில்லை. கிளியனூர் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், பூசிய சுவர்களுக்குச் சாயங்காலம் தண்ணீர் அடிப்பது செந்தாமரையின் வேலை. மற்ற சுவர்கள் மடக்மடக்கென்று குடித்தன. இது குடிக்காமல் வழவழவென்று வியர்த்துக்கொண்டு, மழையில் நனையவிட்ட கருவாடு போல நாறிற்று. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அங்கே பூச்சு இருப்பதே தப்பு. பூச்சு இயந்திரம் நேர்ச்சுவரை ஜோராகப் பூசும். மூலைக்குள் அதன் கை நுழையாது. அங்கே ஒரு கொத்தனார் நின்று கரணையால்தான் பூச வேண்டும். அந்தக் கொத்தனார் அவள் புருஷன் தென்னரசு. ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலைக்கு வந்தவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

காலையில்கூட இன்ஜினியர் அரிபிரசாத்திடம் அழுதாள்.

"பாண்டியில குடிச்சிக்கினு கிடப்பாரும்மா, வந்துடுவாரு."

"எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாரு சார். போனும் எடுக்கல."

"பேஜாரு பண்ணாத. மிஷினே மூலையப் பூசக் கத்துக்கிச்சு பாரு. இனிமே ஆளே வேணாம்."

இளித்த அந்தப் பல்லை நினைத்தால் இப்போதும் அருவருத்தது.

மழை இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. மாடியில் யாருமில்லை. பின்னால், வாசலை ஒட்டி இயந்திரம் நின்றது, பூஜையன்று அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல். "அதுக்கும் நீயே பொட்டு வெச்சுடு" என்று அன்றைக்குத் தென்னரசு சிரித்தான். நெற்றி எது என்று தெரியாமல் உச்சியிலிருந்த கண்ணாடிக் கண்மேலேயே கனமாக அப்பினாள். எதிரே ஆள் நின்றால் பார்த்து நிறுத்துகிற கண் அது. சுவரில் மேடு பள்ளம் பார்த்து மூடுவதற்கு, கீழே வேறொரு கண் இருந்தது.

நினைத்ததும் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். குழாயைப் போட்டுவிட்டு மூலையில் விரல் வைத்தாள். விரல் உள்ளே போயிற்று. கொழகொழவென்று, புளித்த மாவில் போவது போல. இழுத்தாள். மயிர் வந்தது.

சாந்து ஒரு பாளமாகக் கழன்று விழுந்தது.

கரணை. கரணையைப் பிடித்த கை. மணிக்கட்டில் கோலியனூர் அம்மன் கோயில் கயிறு. அவள் கட்டியது. அவளேதான்.

வாந்தி எடுத்தாள். வாய் கசந்தது. அலற வாயைத் திறந்தாள்.

பின்னால் ஒரு உறுமல்.

யாரும் சுவிட்சைத் தொடவில்லை. சாந்துக் குழாய் ஏப்பம் விட்டது. கக்கியது. வாசல் அந்தப் பக்கம். இயந்திரம் நடுவில். பின்வாங்கினாள். அடுத்த மூலை முதுகில் இடித்தது. இன்னும் பூசாத மூலை.

குங்குமம் காய்ந்த கண் அவளைப் பார்க்கவில்லை. கீழ்க்கண்ணின் பச்சை வெளிச்சம் மட்டும் சுவரோடு ஊர்ந்து வந்து, அவள் கால்மேல் ஏறி, வயிற்றில் நின்று, மேட்டை அளந்தது.