வெளியே பிடித்திருந்த கை

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர், உள்ளே ஆளில்லாதபோது வாலை ஊன்றித்தான் நிற்கும். முன் இருக்கையில் ஒருவர் ஏறினால் மூக்கு இறங்கும், அவர் இறங்கினால் மூக்கு எழும்பும். தராசு மாதிரி, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. டீ குடித்துவிட்டு விமானக் கொட்டகையான ஹேங்கருக்குத் திரும்பிய மெக்கானிக், பறக்கும் களத்தைப் பார்த்த பெரிய கதவருகே நின்ற கிளைடரின் மூக்கு தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு ஒரு நொடி நின்றார்.

எடைக்கு வைக்கும் ஈயக் கட்டியை எந்தப் புண்ணியவானோ இருக்கையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வாரம் முழுக்கச் சரியான தூக்கமில்லை. கூட வேலை பார்த்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். சீசன் தொடங்கும் நேரம், எல்லாக் கிளைடரும் இவர் தலையில் வந்து விடிந்தது. ஹேங்கருக்குள் பிசின் வாடையும் மெழுகு வாடையும் கலந்து மூக்கில் ஒட்டின. வெயில் இறங்கிய தகரக் கூரை சூடு ஆறும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடக்குப் போட்டது. பாதி உயிரோடு கண்சிமிட்டிய ட்யூப் லைட்டில் இறக்கைகளின் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தரை முழுவதும் கலைந்து கிடந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான். அவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் இந்தக் கிளைடரை முடிக்காமல் போக முடியாது. நாளைக் காலை இதில் அவருடைய மகள் முதல்முறையாகத் தனியே பறக்கப் போகிறாள். வளர்ந்து ஆளான பிறகும் பறக்கும் க்ளப்பில் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். அவள் அம்மாவுக்கு இதில் துளிகூட இஷ்டமில்லை. ஏதாவது ஒன்று என்றால் பிள்ளையால் மூடியைத் திறந்துகொண்டு பாராசூட்டோடு குதிக்க முடியுமா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். முடியும், நானே சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் சம்மதித்தாள்.

வெள்ளைப் பிடியை நகர்த்திக் கேனபியைத் திறந்தார். விமானியின் தலைக்கு மேல் கவிழும் நீண்ட கண்ணாடி மூடி அது. உள்ளே ஈயக் கட்டி இல்லை. ஒன்றுமே இல்லை. குஷன் நடுவில் மட்டும் அமுங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல நிரம்பியது, மூக்கு அவசரமில்லாமல் எழும்பியது, வால் சக்கரம் சிமெண்டுத் தரையில் தட்டென்று உட்கார்ந்தது. யாரோ இறங்கியதுபோல.

குஷனில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது.

பயந்தார். பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டார். டயரில் காற்று குறைந்திருக்கும், தரை சாய்ந்திருக்கும் என்று வாய்க்கு வந்த சமாதானத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டு, கீல்களைத் துடைத்துக் கிரீஸ் தடவினார். கண் எரிந்தது. வேலை ஓடினால் மற்றது மறந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

வெள்ளைப் பிடி அன்றாடம் திறக்க. சிவப்புப் பிடி ஆபத்துக்கு. இரண்டையும் இழுத்து மேலே தள்ளினால் கீல் விட்டுக் கேனபி மொத்தமாகக் கழன்றுவிடும். வானத்தில் அதைக் காற்று பறித்துக்கொண்டு போகும். தரையில் காற்றின் வேலையை ஓர் ஆள் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அத்தனை விலையுள்ள கண்ணாடி விழுந்து நொறுங்கும். அதனால் இந்தச் சோதனை எப்போதும் இருவர் வேலை. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியில் இருப்பவர் சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு முறை தட்டுவார். பிடித்திருக்கிறேன், இழு என்று அர்த்தம். தட்டு விழாமல் சிவப்பைத் தொடக்கூடாது. இத்தனை வருடத்தில் அந்தத் தட்டு காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலே அவர் கை இழுத்துவிடும்.

இன்றைக்கு ஆள் இல்லை. பக்கத்தில் பழைய மெத்தையை விரித்தார். உள்ளிருந்தே கேனபியைத் தூக்கி மெத்தைமேல் சரித்துவிடலாம் என்பது திட்டம். தப்பான திட்டம் என்று அவருக்கே தெரியும். இன்னொருவரைத் தேடிப் போகக் காலில் தெம்பில்லை. முன் இருக்கையில் ஏறிச் சாய்ந்து கேனபியை மூடினார். வெளிச்சத்தம் அடங்கியது. தன் மூச்சு மட்டும் கேட்டது. கண் தானாகச் சொருகியது.

டக். டக்.

கை இழுத்துவிட்டது. வெள்ளை, சிவப்பு, இரண்டும். கேனபி அலுங்காமல் எழுந்தது. ஒரு பக்கமும் சாயவில்லை. அவர் வாய், பழக்க தோஷத்தில், "மெதுவா வைப்பா" என்றது.

மெதுவாக வைக்கப்பட்டது.

மெத்தையின் நடுவில், கண்ணாடியில் கீறல் படாதபடி, சொன்ன சொல் கேட்டு. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. கதவுவரை யாரும் இல்லை. கூரை ஒருமுறை சொடக்கியது.

கண்ணயர்ந்துவிட்டேன், தூக்கக் கலக்கத்தில் நானேதான் தூக்கி வைத்திருக்கிறேன் என்று முடிவு கட்டினார். அப்படி முடிவு கட்டுவதுதான் இருக்கிற தெம்புக்குத் தாங்கும். அவர் கை முழுக்கக் கிரீஸ். கண்ணாடியிலோ சட்டத்திலோ ஒரு கறைகூட இல்லை. அதைக் கவனிக்காதவர்போல் இறங்கினார்.

"அப்பா, இன்னும் முடியலையா?"

வாண்டு வந்திருந்தாள். அம்மா அனுப்பினாளாம், அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. மகளைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு லேசானது, உடனே அதைவிட அதிகமாகக் கனத்தது. அவள் இங்கே நிற்கவேண்டாம் என்று தோன்றியது. ஆனால் கேனபியைத் தனியாளாகத் திரும்ப மாட்டவும் முடியாது. இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக் கீலில் பொருத்தினார்கள். கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்து கிடக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் நீங்களே பயந்துவிடுவீர்கள் என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரித்து வைத்தார்.

தனியே பறப்பவர் முந்தின நாளே சிவப்புப் பிடியை ஒருமுறை தன் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும் என்பது க்ளப்பின் வழக்கம். இப்போதே இழுத்துவிடுகிறேன் என்றாள். காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் நேரம் இருக்காது, பறக்கக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அதட்டியிருப்பார். அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"சரி, ஏறு. நான் தட்டாம இழுக்காத."

"தெரியும்ப்பா. நான் என்ன இன்னைக்குப் புதுசா?"

ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். மூக்கு இறங்கியது. கேனபியை அவளே மூடிக்கொண்டாள். மெத்தை எட்டத்தில் கிடந்தது. அதை இழுத்துப்போட அவர் குனிந்தார்.

டக். டக்.

நிமிர்ந்தார். உள்ளே மகள் பிடியை இழுத்துவிட்டிருந்தாள். இரண்டு கையாலும் கண்ணாடியை மேலே தள்ளினாள். அது எழவில்லை. கேனபியின் பக்கவாட்டில் இருந்த சின்னச் சன்னல் வழியாக அவள் குரல் வந்தது, பாதி சிரிப்போடு.

"அப்பா, அமுக்காதீங்க."

அவர் கைகள் இன்னும் மெத்தையில் இருந்தன.

"நான் அமுக்கலம்மா."

சிரிப்பு நின்றது. அவர் பாய்ந்து வந்து சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். தோள் எலும்பு கழன்றுவிடும்போல் தூக்கினார். பூட்டிய கதவு மாதிரி இல்லை அது. பூட்டிய கதவு அசையாது. இது அசைந்தது. அவர் தூக்கும்போது கொஞ்சம் மேலே வந்தது, பிறகு எதிர்ப்பக்கமிருந்து பொறுமையாகக் கீழே போனது. எதிர்ப்பக்கத்தில் வெறும் காற்று. சட்டத்தை ஒட்டிய கண்ணாடியில் மட்டும், வெளிப்புறத்தில், ஆவி பூத்து ஓர் உள்ளங்கை. அதை அடுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. வரிசையாக, வால் பக்கம் வரை.

சுத்தியல் மேசையில் இருந்தது. மேசை தூரத்தில் இருந்தது. வாண்டு சின்னச் சன்னலில் விரல்களை நுழைத்து அவர் விரல்களைப் பற்றிக்கொண்டாள். விட்டுவிட்டு ஓட அவருக்கு மனசு வரவில்லை.

நின்றிருக்கும் கிளைடர் ஒரு பக்க இறக்கையைத் தரையில் சாய்த்தே இருக்கும். பறக்கத் தயார் என்றால்தான் நுனியை ஒருவர் தூக்கிச் சமமாகப் பிடிப்பார். சாய்ந்திருந்த இறக்கை எழும்பியது. மெல்ல. சமமானது. நின்றது.

"அப்பா."

சக்கரம் உருண்டது. அவரும் நடந்தார். பெரிய கதவைத் தாண்டியது. வெளியே மங்கலான புல்வெளி. கிளைடரை இழுத்து ஏற்றும் கயிறு இல்லை. அந்தக் கயிற்றைச் சுற்றும் வின்ச் அறையில் விளக்கு இல்லை. சக்கரம் வேகமெடுத்தது. அவர் ஓடினார். வாரம் முழுக்க நின்ற கால். புல் வழுக்கியது. அவள் விரல்கள் அவர் கையிலிருந்த கிரீஸில் வழுக்கின. ஒரு விரல். அடுத்தது. நுனி.

விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். இறக்கைகள் சமமாக, சத்தமே இல்லாமல், கிளைடர் களத்தின் கடைசி மரங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் அவள் தெரிந்தாள். இவர் கற்றுக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தாள். வெள்ளை. சிவப்பு. தள்ளு. வெள்ளை. சிவப்பு. தள்ளு.