கலவை இயந்திரமும் பதினாலாவது ஆல்பமும்

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கான்கிரீட் கலவை இயந்திரத்தை ஓட்டுகிறவன் மனிதனே இல்லை என்று தோன்றியது ஸ்வான்த்யேவுக்கு. அந்த ஜெர்மன் ஊரில் ஞாயிறன்று புல்வெட்டும் மெஷின்கூட வாய் திறக்காது. காலிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டாலே பக்கத்து வீட்டுத் திரைச்சீலை விலகும். அவளோ பிரேமன் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த நர்ஸ்... சாரலில் சைக்கிளை மிதித்துப் போய், தெருக்கோடிக் கொட்டகைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நான்கு வெள்ளைத் தாடிகள். 'ப்ளெஹ்டாக்' இசைக்குழு! தகரத்தையும் டிரில்லையும் வைத்து ராக் வாசித்து ஒரு காலத்தில் ஜெர்மனியையே மிரட்டியவர்கள். எழுபது தாண்டியும் அடங்காமல் இப்போது பதினாலாவது ஆல்பம். தாளத்துக்காக இயந்திரத்துக்குள் கூழாங்கற்கள் உருண்டுகொண்டிருந்தன. ஹெட்ஃபோன் மாட்டிய இளைஞன் ஒருவன் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

"என்னையா சும்மா இருக்கச் சொல்றீங்க? ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு வீட்ல சொல்லித்தரலையா? மனுஷங்க தூங்க வேண்டாமா? பாட்டுப் போடறீங்களா, பாலம் கட்டறீங்களா?"

சாம்பல் நிறக் கண்கள் அவனுக்கு... மழை வரப்போகிற வானம் மாதிரி. திட்டும்போதா இதையெல்லாம் பார்ப்பது? அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இயந்திரம் நின்றது. டிரம்ஸ்காரர் ஃபோல்கெர்ட் கைதட்டிவிட்டு, ஹெட்ஃபோன் இளைஞன் பக்கம் திரும்பினார்.

"யோரிஸ், பதிவாச்சாடா? இந்தக் குரலைத்தானே இத்தனை வருஷமா தேடினோம்! ஆல்பத்துல போட்டுருவோம்."

"என் கோபம் உங்களுக்கு வேடிக்கையா? போட்டுப் பாருங்க, கோர்ட்டுக்கு இழுக்கறேன்!"

அடுத்த ஞாயிறு யோரிஸ் அவள் வீட்டுக்கு வந்தான். பெல் அடிக்கப் பயந்து சன்னலோரம் நின்றான், கையில் வெண்ணெய்க் கேக்கோடு.

"சம்மதம் வாங்க வந்தீங்களா?"

"இல்லைங்க... அதை அழிச்சிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

சந்தோஷப்பட வேண்டியவளுக்குச் சுருக்கென்றது.

"அழிச்சிட்டீங்களா? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"ஐயோ, மத்த வேலையெல்லாம் விட்டுட்டு அதையே கேட்டுக்கிட்டிருந்தேங்க! உங்களுக்குப் பிடிக்கலையேன்னுதான்... கிழவங்க என்கூடப் பேசறதையே நிறுத்திட்டாங்க. இங்கே என் வேலையும் முடியுது, வெள்ளிக்கிழமை லைப்ஸிக் ஊருக்குக் கிளம்பறேன்."

லைப்ஸிக்கா! கிளம்பினால் இந்தப் பக்கம் எதற்குத் திரும்பி வரப்போகிறான்? போகாதீர்கள் என்று சொல்ல வீம்பு விடவில்லை.

"சரி சரி. திட்டுதானே வேணும்? நாளைக்கு வர்றேன்... திங்கக்கிழமை!"

மறுநாள் இயந்திரம் உருண்டது. மைக் முன்னால் நின்றாள். யோரிஸ் கையசைத்தான்.

"ஞாயித்துக்கிழமைன்னா..."

சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் ஆரம்பித்தாள்... மறுபடியும் சிரிப்பு.

"கோபமே வரலையேம்மா!" என்று தலையில் கை வைத்தார் ஃபோல்கெர்ட்.

"எப்படி வரும்? இந்த ஆளு எதிர்ல நின்னா எனக்கு எங்கேருந்து கோபம் வரும்? பிடிச்சுத் தொலைச்சிருச்சு! இவரு வேற ஊருக்குப் போறாராம்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முகம் சிவந்து காது வரை சுட்டது.

"இதுதான்டா பாட்டு!" என்று கத்தினார் ஃபோல்கெர்ட்.

அத்தனையும் ஹெட்ஃபோன் வழியே உரக்க வந்து விழுந்திருந்தது யோரிஸின் காதில். அவன் அதை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கையும் அணைத்துவிட்டு, அவள் அருகில் வந்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க... ஆல்பத்துக்கு இல்ல. எனக்கு."